சதுப்பு நிலத்து வீடும் எங்கள் வீட்டுக் கொண்டியும்

வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டில் ஆள் இல்லாதது போல இருக்க நான் நன்றாகப் பழகியிருந்தேன். ஃபேன் போடக் கூடாது. ரேடியோ பேச்சே இல்லை. குழாயைத் திறந்தால் வாளிக்குள் ஒரு துணியைப் போட்டுத்தான் திறக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் விழும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். தும்மல் வந்தால் தாவணியை வாயில் அமுக்கிக்கொள்ள வேண்டும். அப்பாவும் அம்மாவும் வெளியே போகும்போது வாசல் கதவை வெளிப்பக்கமாகப் பூட்டிவிட்டுப் போவார்கள். தெருவில் போகிறவன் பூட்டைப் பார்த்து, இந்த வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். வயசுப்பெண் தனியாக இருப்பது எவனுக்கும் தெரியக் கூடாது. இதற்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் பாதுகாப்பு.

திண்டுக்கல்லில் பூட்டுக்குப் பஞ்சமா? எங்கள் வாசலில் தொங்கியது உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். வெளியூர் ஆட்கள் வந்தால் அப்பா பெருமையாகச் சொல்வார்: "யானையக் கட்டி இழுத்தாலும் தொறக்காது." யானைக்கு எங்கள் வீட்டில் என்ன வேலை என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டதில்லை. அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. இரண்டையும் மொட்டைமாடிச் சாவியோடு சேர்த்து அம்மா ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகியிருப்பாள். ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் கடைக்காரர் இரண்டு கொடுக்கிறார். பூட்டுக்குப் பேர்போன ஊரில் பாதிப் பெண்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் வைத்திருந்தார்கள்.

எல்லாம் அக்காவால் வந்தது என்றார்கள். அக்கா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல்மில்லில் வேலை பார்த்த பையனை விரும்பினாள். நாங்கள் கிறிஸ்தவர்கள்; அவன் வேதக்காரன் இல்லை, சாதியும் வேறு. ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் கோயிலில் சிலுவைப்பாதையில் முழங்கால் போட்டிருந்த நேரத்தில், தலைவலி என்று வீட்டில் தங்கியவள் பின்சந்துக் கதவு வழியாகப் போய்விட்டாள். அடுத்த வாரமே அப்பா கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். மேலே வெள்ளை அடித்தும் கதவு இருந்த இடம் தனியாகத் தெரிந்தது. நான் அப்போது கல்லூரியில் முதல் வருடம், ஆங்கில இலக்கியம். பின்கதவோடு சேர்த்து என் கல்லூரியையும் அடைத்தார்கள்.

இது தொண்ணூறுகளின் நடுவில். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நடந்து போவேன், வருவேன். கல்யாணம், சாவு, புதுநன்மை விருந்து எதற்கும் என்னைக் கூட்டிப்போக மாட்டார்கள். சின்னவள் கூட வந்தால் பெரியவள் பேச்சு வருமாம். "பாப்பாவுக்குக் காய்ச்சல்" என்று அம்மா சொல்லிக்கொள்வாள். அந்த இரண்டு வருடத்தில் எனக்கு வந்த காய்ச்சலுக்கு நான் செத்தே போயிருக்க வேண்டும்.

பங்குச்சாமியார்தான் இடையில் புகுந்து, படிப்பையாவது முடிக்கட்டும் என்று அப்பாவிடம் சொன்னார். அஞ்சல் வழியில் சேர்த்தார்கள். பேச்சு இதுதான்: பட்டம் வாங்கிவிட்டால் மதுரையில் கன்னியாஸ்திரிகள் விடுதியில் தங்கி பி.எட். படிக்கலாம். ஒரு பேப்பர் போனாலும் படிப்பு முடிந்தது, ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்த தூரத்து உறவுக்காரருக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அவரை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். கெட்டவர் இல்லை. ஆனால் பேசும்போது என்னைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துப் பேசினார்.

பாடப்புத்தகங்கள் தபாலில் வந்தன. அவற்றை முதலில் அப்பா பிரித்து, பக்கம் பக்கமாக உதறி, அக்காவிடமிருந்து ஏதும் சீட்டு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் என் கைக்கு வரும். அப்படி உதறி வந்த ஒன்றுதான் விக்டோரியா மகாராணி காலத்துத் துப்பறியும் நாவல். அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு இன்னும் உள்ளங்கை வியர்க்கும்.

கதை இதுதான். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சதுப்பு நிலம். அதன் நடுவில் மேடான இடத்தில் ஒரு வீடு. கரைக்கும் வீட்டுக்கும் ஒரே பாதை. ஓதம் ஏறும்போது கடல் அந்தப் பாதையை மூடிவிடும், இறங்கும்போது விட்டுவிடும். வீட்டுக்காரர் தன் தங்கையின் சொத்துக்காக அவளை மாடியறையில் பூட்டி வைத்துவிட்டு, வெளிநாடு போய்விட்டாள் என்று ஊருக்குச் சொல்கிறார். தபால்காரன் தினமும் அந்தப் பாதையில் வந்து போகிறான். கடைசியில் லண்டனிலிருந்து ஒரு துப்பறிவாளர் வருகிறார்.

நாவலைவிட எனக்குப் பயம் அதன் பின்னணிதான். "வரலாற்று, புவியியல் பின்னணியை விளக்குக" என்ற பெரிய கேள்வி வருடா வருடம் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். கடலையே பார்க்காதவள் நான். சிறுமலையும் மலைக்கோட்டைப் பாறையும் விட்டால் சுற்றிலும் காய்ந்த தரை, காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்பு வாடை. நிலம் எப்படி ஒருநாளில் இரண்டு தடவை தண்ணீருக்குள் போய்த் திரும்பி வரும்? மூடுபனி என்றவுடன் கொடைக்கானல் பனியைப் போல வெள்ளையாக நினைத்திருந்தேன். லண்டன் பனி மஞ்சளாம், நிலக்கரிப் புகையாம், மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுக்குமாம்.

அப்பா பூகோள வாத்தியார். அக்கா போன பிறகு என்னோடு பேசுவதையே குறைத்திருந்தவர், ஓதம் என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நிலா இழுப்பதையும் கடல் ஏறுவதையும் வரைந்து காட்டினார். உயர் ஓதம், தாழ் ஓதம், நடுவில் வீடு, ஒற்றைப் பாதை. அவ்வளவு அழகான படம். பல மாதங்களுக்குப் பிறகு அன்று அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். எனக்கு அழுகை வந்தது. அப்பாவை எனக்குப் பிடிக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"அந்தப் பிள்ளைய எத்தன வருஷமா அடச்சு வச்சிருந்தான்?" என்று கேட்டார்.

"ரொம்ப வருஷம்ப்பா."

"மனுசனா அவன்! கூடப் பொறந்த பிள்ளைய…" என்று உண்மையாகவே கொதித்துப்போனார். பிறகு எழுந்து பின்பக்கம் போய், செங்கல் வைத்து அடைத்த இடத்தில் பூச்சு விட்டிருக்கிறதா என்று கையால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அன்றாடம் செய்வதுதான். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரலாற்றுப் பகுதியை நானே உருப்போட்டுப் படித்தேன். அந்தக் காலத்தில் லண்டனில் கண்ணாடியால் ஒரு மாளிகை கட்டிப் பெரிய கண்காட்சி நடத்தினார்கள். அங்கே அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர், திறக்கவே முடியாது என்று இங்கிலாந்து மார்தட்டிய பூட்டுகளைத் திறந்து காட்டிவிட்டார். ஊரே ஆடிப்போனதாம். இதைப் படித்தபோது எங்கள் ஊருக்கே அவமானம் வந்ததுபோல எனக்குக் கோபம் வந்தது. நம்மூர்ப் பூட்டைக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும்!

இன்னொன்றும் இருந்தது. அந்தக் காலத்தில் துப்பறியும் போலீஸ் என்றாலே பெரிய மனிதர்களுக்கு ஆகாது. திருடனைப் பிடிப்பதெல்லாம் சரி, ஆனால் நேற்றுவரை தெருவில் திரிந்த ஒருவன், கூப்பிடாமல், போலீஸ் உடுப்புகூட இல்லாமல், கௌரவமான குடும்பத்தின் கூடத்துக்குள் நுழைந்து மாடியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதா? கொலையைவிட அதுதான் அவர்களுக்குப் பெரிய அசிங்கமாக இருந்ததாம். இதற்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. எங்கள் அம்மா லண்டனில் பிறந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

பாடக்குறிப்பின் கடைசியில் ஒரு வரி: 'இந்நாவலின் பெருங்குறை, அடைபட்ட பெண் ஒருமுறைகூட ஏன் கத்தவில்லை என்பதற்கு ஆசிரியர் காரணம் காட்டாததே.' இதை எழுதிய பேராசிரியரை ஒரே ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை மே மாதம், ஊருக்குள்ளேயே ஒரு கல்லூரியில். ஒவ்வொரு நாளும் அப்பா டிவிஎஸ் 50இல் கொண்டுபோய் விட்டு, வாசலில் வேப்பமரத்தடியில் காத்திருந்து, கூட்டிக்கொண்டு வந்தார். கடைசிப் பேப்பர்தான் நாவல். மத்தியானப் பரீட்சை. அன்று விடிந்ததும் எஸ்.டி.டி. பூத்துக்காரர் வந்து, தொப்பம்பட்டியில் இருந்த பெரியப்பா இறந்துவிட்டார் என்று சொன்னார். அப்பாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணன்.

"மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். நீ சாப்ட்டுட்டு ரெடியா இரு," என்று அப்பா சட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். அம்மா அழுதுகொண்டே செருப்பைத் தேடினாள். கதவு சாத்தப்படும் சத்தம், பிறகு பூட்டு விழும் சத்தம். அம்மா நினைத்துச் செய்யவில்லை. கண்ணைத் துடைக்கும்போதே கை தன்பாட்டில் பூட்டிவிட்டது. எனக்கும் அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை. நானும் வழக்கம்போல ஃபேனை நிறுத்தினேன்.

ஹால் டிக்கெட்டை எடுத்து வைத்தேன். குளித்தேன், துணி போட்ட வாளியில். பழைய சோற்றைத் தின்றேன். வெயில் ஏறி, முற்றத்துக்கு மேல் போட்டிருந்த இரும்புக் கம்பிகளின் நிழல் கட்டம் கட்டமாகத் தரையில் விழுந்தது. அப்பா வரவில்லை. மறுபடி படித்தேன். எழுத்து ஓடவில்லை. பெரியப்பா மகன் பம்பாயில் இருந்தான். அவன் வந்து முகம் பார்க்காமல் பெட்டியை மூட மாட்டார்கள் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அண்ணன் பிணத்தை விட்டு அப்பா எப்படி எழுந்து வருவார்?

மாடிக் கதவை உலுக்கினேன். சாவி தொப்பம்பட்டியில் அழுதுகொண்டிருந்தது. பின்பக்கம் போய், கதவு இருந்த இடத்தில் நின்றேன். அக்கா போன வழி. அன்றைக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் போல வாழ்க்கையில் யார்மேலும் எனக்கு வந்ததில்லை. நீ போனாய், கதவையும் கொண்டு போய்விட்டாய் என்று சுவரைப் பார்த்துத் திட்டினேன். அதையும் சத்தம் வராமல் திட்டினேன்.

மிச்சம் இருந்தது தெருப்பக்க ஜன்னல். அதைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். எதிர்வீட்டில் மாவரைத்து விற்கும் அத்தை எந்நேரமும் வாசலிலேயே இருப்பாள். ஆனால் கத்தினால் என்ன ஆகும்? பூட்டிய வீட்டுக்குள் ஒரு பெண் இருப்பது தெரிந்துவிடும். வாத்தியார் மகளை அடைத்து வைத்திருக்கிறார் என்று ஊர் பேசும். அம்மா சொன்ன அத்தனை காய்ச்சலும் பொய்யாகும். சாவு வீட்டிலிருந்து திரும்பி வரும் அப்பா தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. என் அப்பாவை நான் காட்டிக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆயக்குடிக்குப் போக வேண்டும். பேராசிரியர் கேட்டாரே, ஏன் கத்தவில்லை என்று. இதனால்தான் கத்தவில்லை ஐயா.

ஜன்னல் கொக்கியைப் பிடித்தபடி செத்த நேரம் நின்றேன். பிறகு திறந்தேன். வெயில் முகத்தில் அடித்தது. "அத்தை" என்றேன். குரல் எழும்பவில்லை, காற்றுதான் வந்தது. இரண்டு வருடமாக அடக்கிப் பழகிய தொண்டை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினேன்.

"அத்தை! கதவத் தொறந்து விடுங்க! எனக்குப் பரீட்சை!"

கிரைண்டர் நின்றது. அத்தை மாவுக் கையோடு ஓடிவந்தாள். ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, ஆச்சரியமே படாமல் கேட்டாள்: "இன்னிக்குமா பூட்டிட்டுப் போனாக? பரீட்சை அன்னிக்கா?"

"நான் உள்ள இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஏந் தாயி, தெருவுக்கே தெரியுமே. பால்காரனுக்குக்கூடத் தெரியும். நீ தும்முறது எங்க அடுப்படி வரைக்கும் கேக்கும்."

"தெரிஞ்சும் ஏன் யாரும் வரல?"

அத்தை மாவுக் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீ ஒரு சத்தங் குடுக்கலயே. கூப்பிடாம அடுத்த வீட்டு விசயத்துல எப்படி வாரது?"

அந்தக் கணத்தில் அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கம்பி இருந்தது. நான் வாளிக்குள் துணி போட்டதெல்லாம் யாருக்காக? தெருவும் வீடும் சேர்ந்து இத்தனை நாள் எனக்கு ஒரு நாடகம் போட்டிருக்கின்றன. பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

அத்தையின் வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்தார். பூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது நம்மூருப் பூட்டு. இத ஒண்ணும் பண்ண முடியாது. கொண்டியப் பேத்துருவோம்." பூட்டு மாட்டியிருந்த கொண்டி, கதவுச் சட்டத்தில் துருப்பிடித்த ஆணிகளால் அடித்திருந்த சாதாரணத் தகடு. இரண்டு நெம்பு. மரம் முனகியது, தகடு கழன்று வந்தது. பூட்டு கொஞ்சமும் அசையாமல், பூட்டியது பூட்டியபடி அதில் தொங்கியது. கண்ணாடி மாளிகைக்கு வந்த அமெரிக்கக்காரர் வீணாகச் சிரமப்பட்டிருக்கிறார்.

அவரே சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்து மிதித்தார். பரீட்சை தொடங்கிவிட்டிருந்தது. மேற்பார்வையாளர் என் வியர்வையைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் தாளைக் கொடுத்தார். பின்னணிக் கேள்வி வந்திருந்தது. சதுப்பு நிலத்தை எழுதினேன், அப்பா வரைந்த ஓதத்தை வரைந்தேன், மஞ்சள் பனியை எழுதினேன். பிறகு பாடக்குறிப்பில் இல்லாத ஒன்றை எழுதினேன். அந்தப் பெண் கத்தாதது நாவலின் குறை இல்லை. அவள் உள்ளே இருப்பது தபால்காரனுக்குத் தெரியும், கரையில் இருந்த கிராமத்துக்குத் தெரியும். கூப்பிடாமல் கதவைத் தட்டுகிற ஒருவன் அந்த ஊரில் இல்லை, அதனால்தான் துப்பறிகிறவன் லண்டனிலிருந்து வர வேண்டியிருந்தது. அதனால்தான் அவனை எல்லோரும் வெறுத்தார்கள்.

மறுநாள் காலையில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அத்தை இரவெல்லாம் எனக்குத் துணையாகப் படுத்திருந்துவிட்டு அப்போதுதான் போயிருந்தாள். அம்மா தொங்கிய பூட்டைப் பார்த்தாள், இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கதவுச் சட்டத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சாவு வீட்டில் அழுத கண் வீங்கியிருந்தது.

"சத்தம் போட்டியா?"

"போட்டேன்."

"தெரு பூராக் கேட்டுச்சா?"

"அவுகளுக்கு முன்னாடியே தெரியும்ப்பா. எல்லாருக்கும் தெரியும்."

அப்பா உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். "ஓதம் படம் போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். தலையை ஆட்டினார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் சாகும்வரை பேசவில்லை.

கொண்டி புதிதாக வந்தது, முன்னதைவிடத் தடியாக, போல்ட் போட்டு. ஆனால் பயனில்லை. அடுத்த ஞாயிறு பெரியப்பாவுக்கு வைத்த பூசைக்காக அவர்கள் பூட்டிவிட்டுத் தெருமுனைகூடத் திரும்பியிருக்க மாட்டார்கள், அத்தை எதிர்வாசலிலிருந்து ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்: "தாயி, உள்ளதான இருக்க? சாப்டியா? தொட்டுக்க வெஞ்சனம் ஏதும் வேணுமா?" பால்காரரும் கேட்டார். நான் ஒரு தடவை கூப்பிட்டதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது, பிறகு நிறுத்தவே இல்லை. ஆள் இருக்கிறது என்று தெருவே கூவுகிற வீட்டில் பூட்டு எதற்கு? இரண்டு மாதத்தில் அம்மா வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி, சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினாள். ஜூலையில் ரிசல்ட் வந்தது. மதுரைக்குப் போனேன். அக்காவை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். சுவரைத் திட்டியதை மட்டும் அவளிடம் சொன்னதில்லை.

இரண்டாயிரங்களில் நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழி மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்தேன். அதே நாவல், அதே பின்னணிக் கேள்வி, அதே பெருங்குறை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில் விடுதியில் தங்கி வேலை பார்த்த பெண் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். மில் பஸ்ஸில் வருவாள், மில் பஸ்ஸில் போவாள். ஒருநாள் எழுந்து கேட்டாள்: "கரையில இருந்தவுங்களுக்குத் தெரியும்னா, ஏன் மேடம் ஒருத்தரும் போய்ப் பாக்கல?" நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, பதிலையும் சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அவள் வரவில்லை. பரீட்சை நெருங்கிவிட்டது. கூடப் படித்தவர்களைக் கேட்டேன். "விடுதியில வெளிய விட மாட்றாங்களாம் மேடம்," என்றார்கள், மழை வருமாம் என்பதுபோல.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் பஸ் அந்த மில்லைத் தாண்டித்தான் போகும். உயரமான சுவர், நீல வாசல், உள்ளே மூன்று மாடி விடுதி. ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும். பஸ்ஸில் இருக்கும் எல்லோருக்கும் உள்ளே பிள்ளைகள் இருப்பது தெரியும். எனக்கும் தெரியும். திங்கட்கிழமை சாயங்காலம் அந்த நிறுத்தத்தில் இறங்கினேன். வாசலில் இருந்த சின்னக் கதவைத் தட்டினேன். வாட்ச்மேன் பாதி திறந்து எட்டிப் பார்த்தார்.

நான் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். பரீட்சை இருக்கிறது, பார்க்க வேண்டும் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு? வீட்டாளா?"

"இல்ல. டீச்சர்."

"அந்தப் பிள்ள உங்கள வரச் சொல்லுச்சா?"

"சொல்லல," என்றேன். "யாரும் கூப்பிடல. நானாத்தான் வந்தேன். கதவத் தொறங்க."